கம்பி வேலியாகத் தெரிந்த தலைப்பு

இயந்திரக் கண்காட்சிக்கான பதாகை ஒன்று திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. ஆங்கிலத் தலைப்பு ஒடுக்கமான ஸ்லாப் செரிஃப் (கோடுகளின் தலையிலும் பாதத்திலும் தடித்த பட்டைகள் கொண்ட) எழுத்துருவில், முழுக்கப் பெரிய எழுத்துகளில் இருந்தது. சற்றுத் தள்ளி நின்றால் சொல் தெரியவில்லை. கம்பி வேலிதான் தெரிந்தது.

காரணம், சாதாரண அகல எழுத்துருவை யாரோ மென்பொருளில் பக்கவாட்டில் நசுக்கியிருந்தார்கள். அப்படிச் செய்தால் செங்குத்துக் கோடுகள் மெலியும். தலையிலும் பாதத்திலும் உள்ள பட்டைகள் மட்டும் பழைய தடிமனிலேயே நிற்கும். ஆலைக் கம்பீரம் போய் நோஞ்சான் தோற்றம் வந்துவிடும். ஒடுக்கமாகவே வரையப்பட்ட கண்டென்ஸ்டு எழுத்துருவைப் போட்டதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. (1827இல் அமெரிக்க அச்சாளர் டேரியஸ் வெல்ஸ் அச்சுக்கான மர எழுத்துகளைப் பெருமளவில் வெட்டத் தொடங்கிய பின் அமெரிக்கச் சுவரொட்டிகளில் பரவிய தோற்றம் இது. அன்றே அகலத்துக்கு ஒரு தொகுதியாக விற்றார்கள்!)

மீதிப் பாதி இடைவெளி. 'எச்', 'ஐ', 'என்' அடுத்தடுத்து வந்தால் பாதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. டிராக்கிங்கை, அதாவது எழுத்துகளுக்கு இடையிலான பொது இடைவெளியை, 20 அலகு கூட்டினேன். 'எல்' (L), 'டி' (T) ஜோடிதான் படுத்தியது: நடுவே பள்ளம் விழுகிறது, நெருக்கினாலோ டியின் பாதம் எல்லின் கரத்தில் இடிக்கிறது. அதைத் தொடாமல் சுற்றியுள்ள எழுத்துகளை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன்; பள்ளம் கண்ணை உறுத்தவில்லை.

தேதி, இடம் முதலிய சிறு வரிகளைப் பாதமில்லாத எளிய எழுத்துருவுக்கு மாற்றிவிட்டேன். அந்த அளவில் இந்த வகை எழுத்து வெறும் மைத்திட்டு.