மீட்டர் காட்டும் மைலேஜும் உண்மையான மைலேஜும்: டேங்க் டு டேங்க் முறையில் சரிபார்ப்பது எப்படி?

கார் மீட்டரில் லிட்டருக்கு 17 கி.மீ. என்று காட்டுகிறது. பங்க் பில்லையும் ஓடிய கிலோமீட்டரையும் வைத்துக் கணக்குப் போட்டால் 16தான் வருகிறது. அந்த ஒரு கிலோமீட்டர் எங்கே போகிறது என்று பார்க்க மெக்கானிக் தேவையில்லை. மூன்று முறை டேங்க் நிரப்பும் வரை பொறுமையும் ஒரு சின்ன நோட்டும் இருந்தால் போதும். இங்கே சொல்வது பெட்ரோல் காருக்கு. டீசல், சிஎன்ஜி பற்றிக் கீழே இரண்டு வரி இருக்கிறது.

மீட்டருக்கு எப்படித் தெரிகிறது?

டேங்கிலிருந்து எத்தனை லிட்டர் போகிறது என்று நேரடியாக அளக்கும் கருவி சாதாரண கார்களில் கிடையாது. எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருந்தது என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவுக்குத் தெரியும். திறந்திருக்கும்போது எவ்வளவு பெட்ரோல் பாயும் என்ற எண் தொழிற்சாலையிலேயே பதிவாகியிருக்கும். இரண்டையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் செலவான பெட்ரோல். தூரம் சக்கர வேக சென்சாரிலிருந்து வருகிறது. ஆக, திரையில் தெரிவது கணக்கிட்ட எண், அளந்த எண் அல்ல.

இன்ஜெக்டருக்கு இன்ஜெக்டர் பாய்ச்சல் கொஞ்சம் மாறும், பெட்ரோல் பிரஷரும் மாறும். டேங்கில் எழும் ஆவியை கேனிஸ்டர் என்ற டப்பா பிடித்து வைத்து எஞ்சினுக்கு அனுப்புகிறது. அது இன்ஜெக்டர் வழியாகப் போகாததால் கணக்கிலேயே வராது. இதனால்தான் பல கார்களில் மீட்டர் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிறது.

கம்பெனி விளம்பரத்தில் வரும் ஏஆர்ஏஐ (வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) எண் வேறு கதை. அது ஆய்வகத்தில் உருளை மேல் காரை ஓட்டி, 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், ஏசி போடாமல், புகையில் உள்ள கார்பனை அளந்து கண்டுபிடிப்பது. அதை இந்தக் கணக்கோடு ஒப்பிட வேண்டாம்.

படி 1: திரையைத் தயார் செய்யுங்கள்

தூரத்தையும் சராசரி மைலேஜையும் காட்டும் டிரிப் மீட்டர், டிரிப் ஏ, டிரிப் பி என்று இரண்டு இருந்தால், ஏ-வை ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் ஜீரோ செய்யுங்கள். பி-யைத் தொடக்கத்தில் ஒருமுறை ஜீரோ செய்துவிட்டுக் கடைசி வரை தொடாதீர்கள். செட்டிங்கில் சராசரி மைலேஜ் தானாக ரீசெட் ஆகும் வசதி இருந்தால் (வண்டியை அணைத்தாலோ பெட்ரோல் போட்டாலோ சில கார்களில் இப்படி ஆகும்) அதை நிறுத்திவிடுங்கள். பாதி டேங்கில் எண் ஏன் மாறியது என்று குழம்புபவர்களில் பலர் இந்த செட்டிங்கைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எண் லி/100 கி.மீ. என்று வந்தால் 100-ஐ அதால் வகுத்தால் போதும். 5 என்றால் லிட்டருக்கு 20 கி.மீ.

படி 2: முதல் ஃபுல் டேங்க்

மொத்த வேலையும் சரியாக வருவதும் கெடுவதும் இந்த இடத்தில்தான். ஒரே பங்க், ஒரே பம்ப், முடிந்தால் அதே நாசில். வண்டி நிற்கும் தரை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் டேங்கின் மூலையில் காற்று தங்கி, நாசில் முன்கூட்டியே கட் ஆகும்.

போடுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “அண்ணா, ஃபுல் டேங்க். ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திடுங்க, ரவுண்ட் பண்ண வேணாம்.” சொல்லாவிட்டால் 2,746 ரூபாயை 2,800 ஆக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவார். அதில் அரை லிட்டருக்கு மேல் உள்ளே போய்விடும், அடுத்த முறை எவ்வளவு அழுத்துவார் என்றும் தெரியாது. கழுத்து வரை நிரப்புவது கணக்கைக் கெடுப்பதோடு கேனிஸ்டருக்குள் பெட்ரோல் இறங்கி அதையும் கெடுக்கும். முதல் கட்டோடு நிறுத்துவது இரண்டுக்கும் நல்லது.

ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த முறை எத்தனை லிட்டர் போனது என்பது கணக்கில் சேராது. டேங்க் நிரம்பிய நிலைதான் தொடக்கப் புள்ளி.

படி 3: ஓட்டுங்கள், மறுபடி நிரப்புங்கள்

வழக்கம்போல ஓட்டுங்கள். சோதனைக்காக மெதுவாக ஓட்டினால் இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறும், நமக்கு அதில் பயனில்லை. டேங்க் கால் பங்குக்கு வரும்போது அதே பங்குக்குப் போய், முதல் கட் வரை நிரப்பி, பில் வாங்குங்கள். பில்லில் லிட்டர் இரண்டு தசமம் வரை இருக்கும். அந்தத் தாள் சில வாரங்களில் வெளுத்துவிடும் என்பதால் அங்கேயே போட்டோ எடுத்துவிடுங்கள். ஓடோ, லிட்டர், டிரிப் ஏ-யின் சராசரி மூன்றையும் எழுதியபின் டிரிப் ஏ-வை ஜீரோ செய்யுங்கள். இடையில் 500 ரூபாய்க்குப் போட நேர்ந்தால் தவறில்லை, அந்த லிட்டரையும் சேர்த்துக்கொண்டால் சரி.

இப்படி மூன்று முறை. ஏன் ஒன்று போதாது? நாசில் கட் ஆகும் மட்டம் ஒரு லிட்டர் வரை முன்னே பின்னே ஆகலாம். 10 லிட்டர் போட்டுக் கணக்குப் பார்த்தால் அது 10 சதவீதப் பிழை. 28 லிட்டரில் மூன்றரை சதவீதம். 82 லிட்டரில் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். இடையில் ஒருமுறை குறைவாக நிரம்பினால் அடுத்த முறை அது கூடுதலாக வந்து ஈடுகட்டிவிடும். மிச்சமிருப்பது முதல் நிரப்பலிலும் கடைசி நிரப்பலிலும் வரும் பிழை மட்டுமே.

படி 4: கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு. தொடக்க ஓடோ 24,310.

24,742-இல் 27.84 லிட்டர்: 432 கி.மீ., மைலேஜ் 15.5, மீட்டர் 16.4
25,121-இல் 26.10 லிட்டர்: 379 கி.மீ., மைலேஜ் 14.5, மீட்டர் 15.4
25,633-இல் 28.46 லிட்டர்: 512 கி.மீ., மைலேஜ் 18.0, மீட்டர் 19.1

மூன்று மைலேஜையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள்: 1,323 ÷ 82.40 = 16.06. டிரிப் பி-யில் மீட்டர் சராசரி 17.0. இப்போது 16.06 ÷ 17.0 = 0.945. இதுதான் உங்கள் காரின் திருத்த எண். இனி மீட்டர் 18.5 காட்டினால் 0.945-ஆல் பெருக்கி 17.5 என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று வரிகளிலும் இந்த விகிதம் 0.94-ஐ ஒட்டியே இருப்பதைக் கவனியுங்கள். நகரமோ நெடுஞ்சாலையோ, மீட்டர் தவறும் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே அளவில் தவறும் மீட்டரை நம்பி ஓட்டலாம். உங்கள் கணக்கில் ஒருமுறை 0.99, அடுத்தது 0.90 என்று வந்தால் அது மீட்டரின் குறை அல்ல, நிரப்பிய மட்டம் மாறியிருக்கிறது.

ஓடோமீட்டர் தப்பாக இருந்தால்?

இந்த ஒப்பீட்டுக்கு அது பொருட்டே அல்ல. மீட்டரும் நீங்களும் ஒரே தூரத்தைத்தான் பயன்படுத்துகிறீர்கள்; வித்தியாசம் முழுக்க லிட்டர் பக்கம். கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று துல்லியமாக வேண்டுமானால் நெடுஞ்சாலையில் 50 கி.மீ. ஜிபிஎஸ் ஆப்போடு ஓட்டிப் பாருங்கள். ஓடோ 50, ஜிபிஎஸ் 49.3 என்றால் உண்மை மைலேஜை 0.986-ஆல் பெருக்க வேண்டும். டயர் அளவு மாற்றியவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/65 ஆர்15 போட்டால் டயரின் விட்டம் 2 சதவீதம் கூடி, ஓடோ அந்த அளவு குறைத்துக் காட்டும்.

ஈ20, டீசல், சிஎன்ஜி

ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலான ஈ20-இல் மைலேஜ் இறங்குவது அதனால்தான். ஆனால் ஈசியு இன்ஜெக்டரை அதற்கேற்ப அதிக நேரம் திறப்பதால் மீட்டர் எண்ணும் கூடவே இறங்கும். மீட்டருக்கும் பில்லுக்கும் உள்ள இடைவெளிக்கு ஈ20-ஐக் குற்றம் சொல்ல முடியாது. அதிகாலையில் போட்டால் பெட்ரோல் கூடுதலாக வரும் என்பதற்கும் அலைய வேண்டாம். நிலத்தடித் தொட்டியின் வெப்பம் ஒரே நாளுக்குள் பெரிதாக மாறாது.

டீசல் நுரைக்கும், சீக்கிரம் கட் ஆகும். ஒவ்வொரு முறையும் முதல் கட்டுக்குப் பின் ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது கட் வரை என்று ஒரே வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சிஎன்ஜியில் பம்ப் பிரஷரும் சிலிண்டர் சூடும் மாறுவதால் ஃபுல் என்பதே ஒவ்வொரு முறையும் வேறு. குறைந்தது எட்டுப் பத்து நிரப்பலாவது சேர்த்துக் கிலோ கணக்கில் பாருங்கள்.

திருத்த எண் கையில் வந்தபின்

பிறகு எப்போதாவது மைலேஜ் விழுந்தால், இரண்டு எண்ணும் சேர்ந்து விழுந்ததா, தனித்தனியாகவா என்று பாருங்கள். விகிதம் அதே 0.945-ஆக இருந்து இரண்டும் இறங்கினால் டயர் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, ஏசி, டிராஃபிக் என்று தேடலாம். மீட்டர் அப்படியே இருந்து உங்கள் கணக்கு மட்டும் இறங்கினால், கணக்கில் வராத பெட்ரோல் எங்கோ போகிறது: குழாய்க் கசிவு, மூடியபின்னும் சொட்டும் இன்ஜெக்டர், அல்லது பங்கின் அளவு. அடைத்துக்கொண்ட இன்ஜெக்டர் இதற்கு நேரெதிர். அதே பெட்ரோலுக்கு அதிக நேரம் திறக்க வேண்டியிருப்பதால் மீட்டர் முன்பைவிடக் குறைத்துக் காட்டும், விகிதம் 1-ஐ நோக்கி ஏறும்.

பெட்ரோல் வாடை அடித்தால் வேறு எதற்கும் காத்திருக்காமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். வாடை இல்லையென்றால் முதலில் பங்க். முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். கேட்டால் உங்கள் முன்னால் பிடித்துக் காட்ட வேண்டும். 25 மில்லி வரை முன்னே பின்னே இருக்க அனுமதி உண்டு. அளவு சரியாக இருந்தால் அடுத்து இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொல்லலாம். போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.