மழை நாளையும் தாங்கும் ஊர்: அல்ப்ஸ் விடுமுறைக்குச் சிற்றூர் ஒன்றைத் தெரிவு செய்தல்

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஐரோப்பா செல்லும் நம்மவர் குடும்பங்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் உறவினர் வீடு ஒன்றிலிருந்தே தொடங்குகிறது. சூரிச்சிலோ பேர்ணிலோ சித்தப்பா ஒருவர் இருப்பார். "எங்கட வீட்டில நில்லுங்கோ, மலைக்கு ஒரு நாளில போயிட்டு வரலாம்" என்பார். அவர் சொல்வதும் பொய்யன்று. பேர்ணிலிருந்து இன்டர்லாக்கன் கிழக்கு நிலையத்துக்கு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான நேரமே ஆகும். அங்கிருந்து மலையடிவாரத்திலுள்ள லவுட்டர்புறுன்னன் இருபது நிமிடம். ஆனால் கோடை காலத்தில் சிகரங்கள் தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் அதிகாலையில்தான். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக் காற்று மேலெழுந்து, நண்பகலுக்குப் பின் முகிலாகத் திரண்டுவிடும். பகல் பயணி மலையடிவாரம் வந்து சேர்வது பல நாட்களில் அந்த முகிலுக்குக் கீழேதான். மலையைப் பார்க்க வேண்டுமானால் மலையிலேயே உறங்கி எழ வேண்டும். ஒரே சிற்றூரில் ஐந்து முதல் ஏழு இரவுகள் தங்குவதே என் பரிந்துரை. பத்து நாட்களில் ஏழு நாடுகளைக் காட்டும் சுற்றுலாத் திட்டங்களில் நீங்கள் அதிகம் பார்ப்பது நெடுஞ்சாலை ஓரக் கழிவறைகளையே.

எந்த ஊர் என்ற கேள்விக்கு நான் கற்றுக்கொண்ட விடை ஒரு தவறிலிருந்து வந்தது. முதன்முறை சென்றபோது ஒரு படத்தை நம்பி வீடு பிடித்தேன். சாளரத்துக்கு வெளியே பனிமலை, மரப் பலகணியில் சிவப்புப் பூக்கள், பேருந்து நிறுத்தத்திலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் செங்குத்தான ஏற்றம் என்பதை எவரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. அறுபத்தெட்டு வயது மாமி ஒவ்வொரு வளைவிலும் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?" என்று கேட்டார், நான் இரண்டு சூட்கேஸ்களுடன் "கிட்டத்தான் மாமி" என்று மூன்று முறை பொய் சொன்னேன். கடைசிப் பேருந்து மாலை ஆறரையோடு நின்றுவிடும் ஊர் அது. மூன்றாம் நாள் மழை பிடித்தது. அன்று ஞாயிறு, கடை பூட்டு. கையிலிருந்த அரைத் துண்டுப் பாணையும் ஒரு போத்தல் ஜாமையும் வைத்துக்கொண்டு நால்வரும் இரவுவரை 304 சீட்டு விளையாடினோம். பனிமலை இருந்த திசையில் வெள்ளைத் துணி கட்டியதுபோல் முகில் மட்டுமே தெரிந்தது.

அதன்பின் ஓர் ஊரைப் பார்க்கும்போது, வானம் நீலமாக இருக்கும் நாளில் அது எப்படி இருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. அப்படிப்பட்ட நாளில் அல்ப்ஸின் எல்லா ஊரும் அழகுதான். மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமையில், குடும்பத்திலேயே மிக மெதுவாக நடப்பவருக்கு அந்த ஊர் எதைத் தரும் என்று பார்க்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது கடைசி வண்டி. தங்குமிடப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னர் சுவிஸ் கூட்டாட்சி ரயில்வேயின் செயலியில் அந்த ஊரின் நிறுத்தத்தைப் போட்டு, இரவு எட்டு மணிக்குப் பின் ஏதேனும் ஓடுகிறதா என்றும், ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறுபடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ரயில் நிற்கும் ஊருக்கும் பேருந்து மட்டும் செல்லும் ஊருக்கும் இடையிலான வேறுபாடு வரைபடத்தில் சிறிதாகத் தெரியும். இரவு உணவுக்குப் பின் பெரிதாகத் தெரியும். வெங்கன், மியூரன் போன்ற ஊர்களுக்குப் பொதுச்சாலை வழியே காரில் செல்ல இயலாது. முன்னதற்கு லவுட்டர்புறுன்னனிலிருந்து பற்சக்கர ரயிலிலும், பின்னதற்குக் கேபிள் கார் வழியாகவும் ஏற வேண்டும். கார் இல்லாமல் போகும் நம்மைப் போன்றோருக்கு இது குறையன்று. எல்லோரும் ரயிலையும் கேபிள் காரையும் நம்பியிருக்கும் ஊரில் அவை ஒழுங்காக ஓடும்.

அடுத்தது நிறுத்தத்திலிருந்து வாசல்வரையான ஏற்றம். தூரத்தை நிமிடக் கணக்கில் சொல்வார்கள், உயரத்தைச் சொல்லமாட்டார்கள். சுவிஸ் அரச நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதை 1:25,000 அளவுக்குப் பெருப்பித்தால் மண்ணிறச் சமவுயரக் கோடுகள் தெரியும். அல்ப்ஸ் பகுதியில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே 20 மீற்றர் உயர வேறுபாடு. நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை கோடுகள் என்று விரலால் எண்ணிப் பாருங்கள். ஒன்று என்றால் கவலையில்லை. ஐந்து என்றால் நூறு மீற்றர். கொழும்புக் கோட்டையிலுள்ள உலக வர்த்தக மையத்தின் 152 மீற்றர்க் கோபுரத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் படியேறுவதற்குச் சமம், அதுவும் கடைப் பைகளோடு.

ஊரின் உயரம் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. வெங்கன் 1274 மீற்றரில் இருக்கிறது, ஏறத்தாழ நம்முடைய பண்டாரவளை உயரம். மியூரன் சுமார் 1640, நுவரெலியாவின் 1868 மீற்றரைவிடத் தாழ்வு. மூச்சுத் திணறல் பற்றி எண்ண வேண்டியது 3454 மீற்றரிலுள்ள யுங்ஃபிராவ்யோக் போன்ற இடங்களுக்குப் போகும் நாளில்தான். அது பீதுருதாலகாலையைவிட 900 மீற்றருக்கு மேல் உயரம். இதய நோய் உள்ளவர்கள் புறப்படுமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உயரத்தைவிட வெயில் முக்கியம் என்பதைக் கொழும்பில் இருப்பவருக்கு விளங்கவைப்பது கடினம், ஏனென்றால் இங்கே நாம் நிழலைத் தேடி வாழ்பவர்கள். ஆழமான பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் சூரியன் மலைச்சுவருக்கு மேலே எழுந்து சில மணித்தியாலங்களுக்குள் மறுபக்கச் சுவருக்குப் பின்னால் போய்விடும். பிரெஞ்சு அல்ப்ஸில் வெயில் விழும் சரிவை அத்ரே என்றும் நிழற் சரிவை உபாக் என்றும் இரு சொற்களால் பிரித்தே அழைக்கிறார்கள். பழைய வீடுகளும் வயல்களும் கூடுமானவரை அத்ரே பக்கமே அமைந்திருக்கும். லவுட்டர்புறுன்னன் பாறைச் சுவர்களுக்கு நடுவே கிடங்குபோல் கிடக்க, அதற்கு நேர் மேலேயுள்ள வெங்கன் மேற்கு நோக்கிய மேடையில் மாலைவரை வெயில் வாங்கும். ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதால் இந்த வேறுபாடு பொறுக்கத்தக்கது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னரே பொழுது சாய்ந்துவிடும் என்பதால், அப்போது வெயில் பக்கத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள்.

மழை நாளுக்கு வருவோம். ஊரிலிருந்து அரை மணித்தியாலத்துக்குள், நனையாமல் அல்லது நனைந்தாலும் பரவாயில்லை என்று போய்வரக்கூடிய இரண்டு இடங்களாவது இருக்க வேண்டும். லவுட்டர்புறுன்னன் பக்கத்தில் த்ரூம்மல்பாக் அருவிகள் அத்தகையவை. பனியாறு உருகிய நீர் மலையின் வயிற்றுக்குள் பத்து அருவிகளாக இறங்குகிறது. மின்தூக்கியில் ஏறி, குடைந்த பாதை வழியாகப் பார்க்கலாம். மழை பெய்தால் அதன் இரைச்சல் கூடும். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். இன்டர்லாக்கன் வரை இறங்கினால் தூண் ஏரி, பிரியன்ஸ் ஏரி இரண்டிலும் மூடிய தளமுள்ள கப்பல்கள் ஓடுகின்றன. இப்படி எதுவும் இல்லாத ஊரில் உங்களுக்குச் சீட்டுக்கட்டு மட்டுமே துணை.

சாப்பாட்டைப் பற்றி வெட்கப்படாமல் பேசலாம். மூன்றாம் நாள் சோறு கேட்காத குடும்பத்தை நான் கண்டதில்லை. ஆகையால் ஹோட்டல் அறையைவிடச் சமையலறையுள்ள விடுமுறை வீடே நமக்குத் தோது. ஆனால் பருவ காலத்தில் பல வீடுகள் சனி முதல் சனி வரை ஒரு கிழமைக்கே தரப்படுகின்றன என்பதால் விமானச் சீட்டை அதற்கேற்ப எடுக்க வேண்டும். ஊருக்குள்ளேயே பலசரக்குக் கடை இருக்கிறதா என்று பாருங்கள்; வெங்கனிலும் மியூரனிலும் கூப் கடை உண்டு. மியூரன் உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் அல்லாமல் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடுவதால் கடலையும் துவரம்பருப்பும் எளிதில் வேகா. மைசூர்ப் பருப்பை எடுத்துச் செல்லுங்கள். இறைச்சி, பால் பொருட்களை இங்கிருந்து கொண்டு செல்ல அனுமதியில்லை. கடுகு தாளிக்கும்போது சாளரத்தைத் திறந்து வையுங்கள். புகை உணர்கருவிக்கு நம் சமையல் பழக்கமில்லை.

காலம் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் பாடசாலைகளின் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை, அல்ப்ஸ் சிற்றூர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாத காலம். பனிச்சறுக்குப் பருவம் முடியும் வேளை அது. நடைபாதைகளில் பனி உருகிச் சேறாகக் கிடக்கும், பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக நிற்கும், சில விடுதிகள் பூட்டியிருக்கும். நவம்பரும் அப்படியே. ஏப்ரலில்தான் போக முடியும் என்றால் மலை ஊரை விட்டுவிட்டு, 570 மீற்றர் அளவிலேயே உள்ள பிரியன்ஸ் போன்ற ஏரிக்கரை ஊரில் தங்குங்கள். உயரமான நடைபாதைகள் ஜூன் பிற்பகுதிவரை பனியை விடுவதில்லை. ஓகஸ்ட் விடுமுறை எல்லாவற்றுக்கும் ஏற்றது, நெரிசலையும் விலையையும் தவிர. பிள்ளைகளின் பாடசாலை இல்லாதவர்கள் செப்டெம்பரை எடுத்துக்கொள்ளலாம்.

சுவிஸ் கட்டணம் கையைச் சுடும் என்போர் எல்லைக்கு அப்பால் பார்க்கலாம். இத்தாலியின் தென் திரோலில் பல தங்குமிடங்கள் தரும் விருந்தினர் அட்டையால் பேருந்தும் பிராந்திய ரயிலும் இலவசம். அங்குள்ள ஓர்த்திசேயி 1236 மீற்றரில், ஊருக்குள்ளிருந்தே கேபிள் கார் ஏறும் வசதியோடு இருக்கிறது. ரயில் இல்லை, பேருந்து உண்டு. இத்தாலிய மொழி, ஜெர்மன், உள்ளூர் மொழியான லதீன் என மும்மொழி வழங்கும் பள்ளத்தாக்கு என்பதால் அதே ஊர் அட்டவணையில் சங்க்ட் உல்ரிக் என்றும் வரும். இரண்டு ஊர் என்று எண்ணி நான் அரை மணித்தியாலம் தேடியிருக்கிறேன். பிரான்சில் ஷமோனியின் நெரிசலுக்குப் பதில், அதே பள்ளத்தாக்கில் ரயில் நிற்கும் அர்ஜன்தியேரைப் பாருங்கள். ஸ்லோவேனியாவின் பொஹீன் ஏரியருகே ஸ்தாரா ஃபூஷினா அமைதியானது. மழை அதிகம் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

ஊரைத் தெரிவு செய்வது விசாவையும் தெரிவு செய்வதாகும். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர், ஒரே விசா செல்லுபடியாகும் ஷெங்கன் நாடுகளில் எங்கே அதிக இரவுகள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். சூரிச்சில் சித்தப்பா வீட்டில் நான்கு இரவும் ஓர்த்திசேயியில் ஆறு இரவும் என்றால் அது இத்தாலிய விண்ணப்பம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே கொடுக்கலாம், 15 நாட்களுக்குக் குறையக்கூடாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும். எனவே விசா கிடைக்கும்வரை, கட்டணமின்றி இரத்துச் செய்யக்கூடிய முன்பதிவையே எடுங்கள்.

இறுதியாகப் பணம் கட்டுமுன் வீட்டுக்காரருக்குச் சிறு மடல் ஒன்று எழுதுங்கள். நிறுத்தத்திலிருந்து எத்தனை படிகள், ஞாயிறன்று எந்தக் கடை திறந்திருக்கும், கடைசி வண்டியைத் தவறவிட்டால் என்ன வழி என்று கேளுங்கள். இரண்டாம் பயணத்துக்கு வெங்கனில் மூன்று வீடுகளுக்கு எழுதினேன். இரண்டிலிருந்து வந்த பதில்கள் மலைக்காட்சியை மீண்டும் புகழ்ந்தன. மூன்றாமவர், "வாசலில் பதினான்கு படிகள், வலப்பக்கம் கைபிடி உண்டு, பாதி வழியில் ஒரு வாங்கு இருக்கிறது" என்று எழுதியிருந்தார். மாமியிடம் வாசித்துக் காட்டிவிட்டு அன்றிரவே பதிவு செய்தேன்.