திருவருகைக் காலத்து அன்பு: எங்கே சறுக்குகிறோம்?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்கள்தான் திருவருகைக் காலம். டிசம்பர் பிறந்ததும் பங்குகளில், அதாவது ஊர்க் கோவில் சமூகங்களில், உதவிப் பட்டியல் தயாராகிவிடும்: முதியோர் இல்லத்தில் மதிய உணவு, ஏழைகளுக்குப் புடவை, பிள்ளைகளுக்குக் கேக். எல்லாம் நல்லதுதான். ஆனால் பட்டியல் முடிந்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோமே, அங்கேதான் பெரிய தவறு.

லூக்கா நற்செய்தி 3ஆம் அதிகாரத்தில், "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று இயேசுவுக்கு முன்னோடியாக வந்த திருமுழுக்கு யோவானிடம் மக்கள் கேட்கிறார்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று இதை வாசிப்பார்கள். இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்கிறார் யோவான். அதோடு நிறுத்தியிருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். அவரோ வரி தண்டுவோரிடம், குறித்த தொகைக்கு மேல் வாங்காதீர்கள் என்கிறார். படைவீரர்களிடம், மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், கிடைக்கும் ஊதியம் போதும் என்றிருங்கள் என்கிறார். கொடுப்பதைச் சொன்ன கையோடு, பிடுங்குவதை நிறுத்தவும் சொல்கிறார். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கிறிஸ்துமஸ் புடவை எடுத்துக் கொடுத்துவிட்டு, காய்ச்சலில் வராத நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்கும் வீடுகள் உண்டு. யோவான் வந்தால் புடவையைப் பார்க்க மாட்டார்.

கொடுக்கும்போது போட்டோ எடுப்பதைப் பற்றி மத்தேயு 6ஆம் அதிகாரமே போதும். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்றால், வாட்ஸ்அப் குழுவுக்கு ஏன் தெரிய வேண்டும்?

இன்னொன்று, தன்னலமில்லாத அன்பு என்றால் தன்னையே தேய்த்துக்கொள்வது என்ற எண்ணம். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் இது விடியும். வீடு முழுக்கச் சுத்தம் செய்து, பலகாரம் சுட்டு, கரோல் குழுவுக்குக் காபி போட்டு, நள்ளிரவுத் திருப்பலியில் தூங்கி வழிவார்கள். பிறரை உன்னைப் போல நேசி என்பதில் 'உன்னை'யும் இருக்கிறது. இயேசுவின் தாய் மரியா கருவுற்ற நிலையிலும் தம் உறவினர் எலிசபெத்தைத் தேடிப் போனார், ஏறக்குறைய மூன்று மாதம் கூடவே இருந்தார். அப்புறம் தம் வீட்டுக்குத் திரும்பினார். லூக்கா அதையும் எழுதி வைத்திருக்கிறார்.

திருவருகைக் கால வளையத்தில் வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுதிரிகளில் நான்காவதுதான் அன்புக்குரியது என்று அதுவரை காத்திருப்பதும் சரியல்ல. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லத்தில், லூத்தரன் இறையியலாளர் யோஹான் விஹெர்ன் வைத்த வளையத்தில் நாளுக்கொரு திரி ஏற்றினார்கள். வாரத்துக்கு ஒரு பண்பு என்ற வழக்கம் பிறகு சேர்ந்தது. அதன் வரிசையும் சபைக்குச் சபை மாறும்.

சரி, முதியோர் இல்லத்துக்குக் கட்டாயம் போங்கள். போகுமுன் போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரியாணி பலரிடமிருந்து வரும். ஜனவரி நடுவில் மாத்திரை வாங்கித் தரவும், உட்கார்ந்து பேசவும் ஆள் இருக்காது.