மீட்டிங் ரூம் ஆடியோவை நாமே செட் செய்வது: கொட்டேஷனில் வரும் வார்த்தைகளின் விளக்கத்தோடு

கான்ஃபரன்ஸ் ரூமுக்கு ஆடியோ வாங்கலாம் என்று நாலு பேரிடம் கொட்டேஷன் கேட்டுப் பாருங்கள். ஏஇசி, ஃபுல் டூப்ளெக்ஸ், பீம்ஃபார்மிங், டிஎஸ்பி, சிப் டிரங்க் என்று ஒரு பக்கத்துக்கு வார்த்தைகள் வரும். அதற்குக் கீழே ஒரு தொகை வரும். வார்த்தை புரியாததால் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, எது குறைவோ அதற்குக் கையெழுத்துப் போடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. எங்கள் ஆபீஸ் அறையைச் சரிசெய்தபோது குறித்து வைத்ததை இங்கே வரிசையாகத் தருகிறேன். எட்டுப் பேர் உட்காரும் அறை, சுவரில் ஒரு டிவி, யாராவது ஒருவருடைய லேப்டாப், ஜூம் அல்லது டீம்ஸ். ஜூமை இன்ஸ்டால் செய்வது, லிங்க் அனுப்புவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

வார்த்தைகளை அகர வரிசையில் படித்தால் மண்டையில் ஏறாது. பேசுகிறவர் வாயிலிருந்து கேட்கிறவர் காதுக்குக் குரல் போகும் பாதையிலேயே படியுங்கள். எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்தால் யாரைப் பிடிப்பது என்பதும் தெரியும்: கார்ப்பெண்டரையா, நெட்வொர்க் ஆளையா, எதிர்முனையில் இருப்பவரையா.

படி 1: அறைக்குள் கை தட்டுங்கள்

கதவை மூடிவிட்டு ஒரு தடவை பலமாகத் தட்டுங்கள். தட்டிய சத்தம் உடனே நின்றால் நல்ல அறை. கொஞ்ச நேரம் சுவரிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதுதான் ரெவெர்ப். கொட்டேஷனில் ஆர்டி60 என்று வரும். சத்தம் 60 டெசிபெல் குறைய எத்தனை நொடி ஆகிறது என்ற அளவு அது. மீட்டிங் அறைக்கு அரை நொடியை ஒட்டி இருந்தால் போதும். இப்போது கட்டும் ஆபீஸ்களில் மூன்று பக்கம் கண்ணாடி, கீழே விட்ரிஃபைட் டைல்ஸ். பார்க்க நன்றாக இருக்கும், பேசினால் கிணறு.

மைக்குக்குச் செலவு செய்வதற்கு முன்னால் ஒரு கனமான திரைச்சீலையும் தரை விரிப்பும் போட்டுப் பாருங்கள். விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார், அவர் திரைச்சீலை விற்பதில்லை.

படி 2: மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்

பேசுகிறவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டித்தால் நேராக வந்து சேரும் குரல் சுமார் 6 டெசிபெல் குறையும். ஏசி சத்தமும் சுவரில் மோதி வரும் சத்தமும் அப்படியே இருக்கும். பெட்டியில் பிக்கப் ரேஞ்ச் 5 மீட்டர் என்று போட்டிருந்தால், 5 மீட்டரில் இருப்பவர் குரல் கேட்கும், அவ்வளவுதான். என்ன சொன்னார் என்று புரிய அதில் பாதித் தூரத்தையே நம்புங்கள்.

எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் கேட்பது ஆம்னி. முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்பது கார்டியாய்டு. பல சின்ன மைக்குகளை வைத்து, யார் பேசுகிறாரோ அந்தத் திசைக்குக் காதைத் திருப்பிக்கொள்வது பீம்ஃபார்மிங். மெதுவாகப் பேசுகிறவரைத் தானாகத் தூக்கிக் கொடுப்பது ஏஜிசி. யாரும் பேசாதபோது ஏசி சத்தம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்தால் இந்த ஏஜிசி வேலைதான் என்று புரிந்துகொள்ளலாம்.

நாய்ஸ் சப்ரெஷன் பற்றி ஒரு விஷயம். எங்களைப் போல பம்ப், மோட்டார் தொழிலில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். பேரிங் சத்தத்தைக் காஸ்டமருக்குக் கேட்க வைக்கலாம் என்று மோட்டாரை லேப்டாப் பக்கத்தில் ஓட்டினால், ஜூம் அதைத் தேவையில்லாத இரைச்சல் என்று துடைத்து எறிந்துவிடும். எதிர்முனையில், “சார், மோட்டார் ஓடுதா?” என்பார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் ‘ஒரிஜினல் சவுண்ட்’ போடுங்கள். அதற்குள் எக்கோ கேன்சலேஷனுக்குத் தனி டிக் இருக்கிறது. ஸ்பீக்கர் வைத்துப் பேசும் அறையில் அதை எடுத்துவிடாதீர்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 3: எக்கோ (இங்கே கொஞ்சம் உட்காருங்கள்)

ஆளைப் படுத்தி எடுக்கும் இடம் இது. முதலில் ஒரு விதி: உங்கள் குரல் உங்களுக்கே திரும்பிக் கேட்டால், கோளாறு பெரும்பாலும் எதிர்முனையில். உங்கள் குரல் அங்கே ஸ்பீக்கரில் ஒலித்து, அங்கே உள்ள மைக்கில் ஏறி, திரும்பி வருகிறது. அதனால்தான் எக்கோ இருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, “எங்களுக்கு நல்லா இருக்கே” என்று தோன்றும். மீட்டிங்கில் பத்துப் பேர் இருந்தால், எக்கோ கேட்காமல் நிம்மதியாக இருக்கும் ஒருவரை மியூட் செய்யச் சொல்லுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நியர் எண்ட் (நம் பக்கம்), ஃபார் எண்ட் (எதிர்முனை) என்று கொட்டேஷனில் பிரித்து எழுதுவது இந்தக் கணக்குக்காகத்தான்.

இதைத் தடுப்பது ஏஇசி, அதாவது அக்கூஸ்டிக் எக்கோ கேன்சலேஷன். ஸ்பீக்கருக்கு என்ன அனுப்பினோம் என்பதன் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மைக்கில் வந்ததிலிருந்து அதைக் கழிக்கும். வரவுச் சீட்டை வைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை பேரேட்டில் கழிப்பதைப் போலத்தான். அந்த நகலுக்கு ரெஃபரன்ஸ் சிக்னல் என்று பெயர். சீட்டு இல்லையென்றால் கழிக்கவும் முடியாது.

இப்போது நம் அறைக்கு வாருங்கள். நல்ல ஏஇசி உள்ள ஸ்பீக்கர்ஃபோனை (மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றாக உள்ள பெட்டி) யூஎஸ்பியில் குத்தியாயிற்று. பிறகு டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிளைக் குத்துகிறீர்கள். அந்த நொடியில் விண்டோஸ் பல லேப்டாப்களில் சத்தத்தை டிவிக்கு மாற்றிவிடும். மைக் ஸ்பீக்கர்ஃபோனில், சத்தம் டிவியில். டிவிக்குப் போன சத்தத்தின் நகல் ஸ்பீக்கர்ஃபோனுக்குத் தெரியாது, எதைக் கழிப்பது? சுமை முழுக்க ஜூம், டீம்ஸில் உள்ள மென்பொருள் ஏஇசி தலையில் விழும். டிவியோ படத்தைச் சீர்செய்கிறேன் என்று சத்தத்தையும் தாமதப்படுத்தி வெளியே விடும், அதிலும் குழப்பம். பெட்டி புதிது, மைக் புதிது, எக்கோ மட்டும் பழையது.

செய்ய வேண்டியவை:

விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் பழைய கண்ட்ரோல் பேனல் ஜன்னலைத் திறங்கள். பிளேபேக் தாவலில் டிவியின் பெயர் இருக்கும். ரைட் கிளிக், டிசேபிள். வீடியோ காட்ட டிவியில் சத்தம் வேண்டும் என்பவர்கள் இதைச் செய்ய முடியாது. அவர்கள் அடுத்ததை மட்டும் செய்யலாம்.

அதே பட்டியலில் ‘டிஃபால்ட் டிவைஸ்’, ‘டிஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ்’ என்று இரண்டு பச்சை அடையாளங்கள் இருப்பதைக் கவனியுங்கள். பாட்டுக்கு ஒன்று, மீட்டிங் அழைப்புக்கு ஒன்று. இரண்டாவதை ஸ்பீக்கர்ஃபோனுக்குக் கொடுங்கள்.

ஜூம், டீம்ஸ் இரண்டிலும் ‘சேம் ஆஸ் சிஸ்டம்’ என்று விடாமல், ஸ்பீக்கர், மைக் இரண்டுக்கும் அதே சாதனத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியாக இருக்க வேண்டும் என்பதை டிவிக்குக் கீழே ஒரு காகிதத்தில் எழுதியே ஒட்டிவிடலாம். லேப்டாப் தினம் ஒருவருடையது என்னும்போது வேறு வழியில்லை.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, மொபைலில் ஹெட்செட் போட்டு ஒருவரை வெளியே நிறுத்தி, அதே மீட்டிங்கில் சேரச் சொல்லுங்கள். அவர் ஒன்று முதல் இருபது வரை எண்ணட்டும். தன் குரல் தனக்குத் திரும்பக் கூடாது. அடுத்து, அவர் எண்ணும்போதே அறையில் இருந்து நீங்களும் எண்ணுங்கள். இதற்கு டபுள் டாக் என்று பெயர். இருவர் குரலும் இருபக்கமும் வெட்டாமல் கேட்டால் ஃபுல் டூப்ளெக்ஸ். ஒருவர் பேசும்போது மற்றவர் குரல் அமுங்கிப் போனால், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அது ஹாஃப் டூப்ளெக்ஸ்தான். டெமோ காட்ட வருகிறவரிடம் இந்தச் சோதனையைக் கேளுங்கள். பெரும்பாலான டெமோக்களில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் மரியாதையாகக் காத்திருப்பார். நம் மீட்டிங் அப்படியா நடக்கிறது?

கான்ஃபரன்ஸ் போன் என்றதும் நினைவுக்கு வரும் அந்த முக்கோணப் பெட்டி, 1992-இல் வந்த பாலிகாமின் சவுண்ட்ஸ்டேஷன். பாலிகாமை 2018-இல் பிளான்ட்ரானிக்ஸ் வாங்கி, 2019-இல் பாலி என்று பெயர் மாற்றியது, பாலியை 2022-இல் எச்பி வாங்கியது. கொட்டேஷன்களில் மூன்று பெயரில் வந்தாலும் வம்சம் ஒன்றுதான்.

படி 4: இரண்டாவது லேப்டாப்

அறைக்குள்ளேயே இன்னொருவர் தன் லேப்டாப்பில் ஆடியோவோடு சேர்ந்தால் ‘கூ’ என்று ஊளையிடும். இது ஹவுலிங். எக்கோ வேறு, இது வேறு. சத்தம் ஒரே அறைக்குள் மைக்கிலும் ஸ்பீக்கரிலும் மாறி மாறிச் சுற்றிப் பெருகுவது. அவரை மியூட் செய்யச் சொன்னால் போதாது, அவருடைய ஸ்பீக்கரும் அணைய வேண்டும். டீம்ஸில் சேரும்போதே ‘டோன்ட் யூஸ் ஆடியோ’, கூகுள் மீட்டில் ‘கம்பானியன் மோட்’. ஜூமில் ஆடியோவில் சேராமல் விட்டாலே போதும்.

படி 5: நெட்வொர்க்

“100 எம்பிபிஎஸ் லைன் சார், அப்புறம் எப்படி விட்டு விட்டுக் கேட்கும்?” என்ற கேள்வி எல்லா ஆபீஸிலும் உண்டு. குரலுக்கு எம்பிபிஎஸ் கணக்கே தேவையில்லை. பிரவுசர் மீட்டிங்குகளில் பரவலாக ஓடும் ஓபஸ் என்ற கோடெக், அதாவது குரலைச் சுருக்கி அனுப்பும் முறை (2012-இல் தரமாக வெளியானது), 6 கேபிபிஎஸ் முதல் 510 கேபிபிஎஸ் வரை எதிலும் ஓடும். தொல்லை தருபவை வேறு மூன்று.

லேட்டன்ஸி: வாயிலிருந்து காதுக்குப் போக ஆகும் நேரம். ஒரு வழிக்கு 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை. மீறினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கி, இரண்டு பேரும் “நீங்க சொல்லுங்க” என்பார்கள்.

ஜிட்டர்: குரலைத் துண்டு துண்டாக்கி அனுப்பும் பாக்கெட்டுகள் ஒரே சீராக வராமல் முன்னும் பின்னுமாக வருவது. ஜிட்டர் பஃபர் அவற்றை நிறுத்தி வைத்து வரிசைப்படுத்தும்; அதற்கு விலை கூடுதல் லேட்டன்ஸி.

பாக்கெட் லாஸ்: வழியிலேயே தொலைவது. ஓபஸில் ஒரு பாக்கெட் என்பது வழக்கமாக 20 மில்லிசெகண்ட் குரல். ஒன்று தொலைந்தால் மென்பொருள் பூசி மறைத்துவிடும். வரிசையாகப் பத்து தொலைந்தால் ரோபோ குரல்.

மீட்டிங் நேரத்தில் கமாண்ட் பிராம்ப்டில் 8.8.8.8-க்கு (கூகுளின் சர்வர்) தொடர்ந்து பிங் ஓடவிட்டுப் பாருங்கள். பதில் வர ஆகும் மில்லிசெகண்ட் 12, 13, 12 என்று போய்த் திடீரென்று 240 என்று குதித்தால் அதுதான் ஜிட்டர். முதல் வைத்தியம் வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள். அதற்கு மேல்தான் கியூஓஎஸ், அதாவது குரல் பாக்கெட்டுக்கு ரவுட்டரில் முன்னுரிமை தருவது. ஃபயர்வால் வைத்திருக்கும் ஆபீஸ் என்றால் யுடிபி (தொலைந்த பாக்கெட்டுக்காகக் காத்திருக்காமல் அனுப்பும் முறை) போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்று கேளுங்கள்: டீம்ஸுக்கு 3478 முதல் 3481, ஜூமுக்கு 8801 முதல் 8810. யுடிபி அடைத்திருந்தால் எல்லாம் டிசிபி 443 (தொலைந்ததைத் திரும்ப அனுப்பக் காத்திருக்கும் முறை) வழியே போகும். மீட்டிங் ஓடும், ஆனால் நெரிசலான நேரத்தில் குரல் தேங்கித் தேங்கி வரும்.

படி 6: போன் வழியாகச் சேருகிறவர்கள்

சாதாரணத் தொலைபேசி வலையமைப்புதான் பிஎஸ்டிஎன். எண்ணை அழைத்து, மீட்டிங் ஐடியை அழுத்திச் சேருவது டயல்-இன். மீட்டிங்கிலிருந்து அவரைக் கூப்பிட்டுச் சேர்ப்பது டயல்-அவுட். அழுத்தும் எண்களின் பீப் சத்தம் டிடிஎம்எஃப். எல்லோர் குரலையும் கலந்து, அவரவர் குரலை மட்டும் நீக்கி அவரவருக்குத் திருப்பி அனுப்பும் இடம் பிரிட்ஜ். சிப் என்பது இணையம் வழியாக அழைப்பை ஏற்படுத்தும் முறை. அதன் வழியே பல இணைப்புகளை மொத்தமாக எடுப்பது சிப் டிரங்க். பழைய பிஆர்ஐ என்ற டிஜிட்டல் தொலைபேசி லைனில் ஒரு கேபிளுக்கு 30 சேனல் என்று கட்டுப்பாடு உண்டு, சிப்பில் தேவைக்கு ஏற்பக் கூட்டலாம்.

பழைய தொலைபேசி கோடெக்கான ஜி.711, 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தும். ‘எஸ்’, ‘எஃப்’ இரண்டையும் வேறுபடுத்தும் சத்தம் அதற்கு மேலே இருக்கிறது. ஆகவே போனில் சேர்ந்தவர் பார்ட் நம்பர் சொன்னால் சாட்டில் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். எச்டி வாய்ஸ் என்று வரும் ஜி.722, 7000 ஹெர்ட்ஸ் வரை போகும். வித்தியாசம் காதுக்கே தெரியும்.

படி 7: மிச்ச வார்த்தைகள், என் விருப்பம்

ஹடில் ரூம் என்றால் நாலைந்து பேர் அறை. பிஒய்ஓஎம் என்றால் வருகிறவர் லேப்டாப்பிலேயே மீட்டிங்கை நடத்துவது. டெய்ஸி செயின் என்றால் ஒரே மாதிரி இரண்டு ஸ்பீக்கர்ஃபோனைக் கோத்து ஒன்றாக்குவது. டிஎஸ்பி என்பது ஏஇசி, ஏஜிசி எல்லாம் ஓடும் எலெக்ட்ரானிக் சில்லோ பெட்டியோ. பிஓஇ என்றால் லேன் கேபிளிலேயே கரண்டும் வரும்.

எட்டுப் பேர் அறைக்கு என் ஓட்டு, மேஜை நடுவில் வைக்கும் யூஎஸ்பி ஸ்பீக்கர்ஃபோன். ஜாப்ராவின் ஸ்பீக் வரிசை போல. நீள மேஜை என்றால் டெய்ஸி செயின் வசதி உள்ள மாடலில் இரண்டு. டிவிக்குக் கீழே வைக்கும், மைக்கும் ஸ்பீக்கரும் உள்ள நீளப் பெட்டியான சவுண்ட்பார் அழகாக இருக்கும், ஆனால் மேஜையின் கடைசியில் இருப்பவருக்கு அது தூரம். சீலிங் மைக் பெரிய அறைக்கு நல்லது. எட்டுப் பேருக்கு அது தேவையில்லாத செலவு, நாளைக்கே அறையை மாற்றினால் கழற்றவும் ஆள் வேண்டும்.

அப்டேட்: ‘ப்ளூடூத் இயர்பட்ஸில் பாட்டு நன்றாக இருக்கிறது, மீட்டிங்கில் மட்டும் தகர டப்பா சத்தம்’ என்று கமென்டில் பலர் கேட்டிருந்தீர்கள். மைக்கையும் பயன்படுத்த ஆரம்பித்ததும் வழக்கமான ப்ளூடூத், ஏ2டிபி என்ற தரமான வழியை விட்டு எச்எஃப்பி என்ற பேச்சு வழிக்கு மாறிவிடும். அது மோனோ, தரமும் குறைவு. லேப்டாப்பின் சொந்த மைக்கையே தேர்ந்தெடுத்து, இயர்பட்ஸைக் கேட்க மட்டும் வைத்தால் சத்தம் பழையபடி வரும்.

அப்டேட் 2: ஸ்பீக்கர்ஃபோன் அடிக்கடி துண்டிக்கிறது என்றவர்களுக்கு: மேஜை நடுவிலிருந்து டிவி வரை இழுக்கச் சாதாரண நீட்டிப்புக் கேபிள் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். யூஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் ஆக்டிவ் கேபிள் வாங்குங்கள், அப்படியே லேப்டாப்பின் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் (மின்சாரம் மிச்சப்படுத்த யூஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள்.