தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: எந்த மாதம் எதைச் செய்ய வேண்டும்?

தாய்லாந்துப் பள்ளிகளுக்கு நான் முதல் விண்ணப்பம் அனுப்பியது ஒரு மே 20ஆம் தேதி. ஜூனில் பள்ளி திறக்கும், மே கடைசியில் ஆள் தேடுவார்கள் என்று நம் ஊர்க் கணக்கையே போட்டுக்கொண்டேன். முப்பது பள்ளிகளுக்கு மேல் அனுப்பியிருப்பேன். ஒரே ஒரு அம்மா பதில் போட்டார்: "வகுப்பு தொடங்கி நான்கு நாள் ஆகிவிட்டது. அக்டோபரில் எழுதுங்கள்."

சான்றிதழில் குறை இல்லை, ஆங்கிலத்திலும் குறை இல்லை. மாதம்தான் தப்பு. அடுத்த முறை ஏழு மாதம் முன்னால் ஆரம்பித்தேன், வேலை கிடைத்தது. அந்த மாதக் கணக்கை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

படி 1: அவர்கள் காலண்டரைச் சுவரில் மாட்டுங்கள்

தாய்லாந்து அரசுப் பள்ளிகளில் முதல் பருவம் மே 16 தொடங்கி அக்டோபர் 11 வரை. இரண்டாம் பருவம் நவம்பர் 1 தொடங்கி மார்ச் கடைசி வரை. இது விதிப்படி உள்ள தேதி. நடைமுறையில் செப்டம்பர் கடைசியிலும் மார்ச் முதல் பாதியிலும் பாடம் முடிந்துவிடும். தனியார் பள்ளிகளும் ஏறக்குறைய இதே ஓட்டம்தான். சர்வதேசப் பள்ளிகள் ஆகஸ்டில் திறப்பவை. அவை அனுபவசாலிகளைத் தேடுகிறவை, புதிதாக வருகிறவர்கள் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆக, ஆள் எடுக்கும் பருவம் இரண்டு. பெரியது பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. சிறியது செப்டம்பர், அக்டோபர். நடுவில் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப்போனால் அந்த இடத்துக்கும் ஆள் தேடுவார்கள். ஆனால் அது ஏற்கெனவே பாங்காக்கில் இருப்பவர்களுக்குத்தான் உதவும். "திங்கட்கிழமை வர முடியுமா?" என்று கேட்பார்கள், மதுரையில் உட்கார்ந்துகொண்டு சரி என்று சொல்ல முடியாது.

படி 2: முன்னால் எண்ணாதீர்கள், பின்னால் எண்ணுங்கள்

நம்மில் பெரும்பாலானவர்கள் "டிகிரி முடித்தேன், இனி தேடுவோம்" என்று முன்னோக்கி எண்ணுகிறோம். முதல் வகுப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

மே 16 பள்ளி திறப்பு. வீடு பார்க்க, ஆசிரியர் கூட்டங்களுக்குப் போக ஒரு பத்து நாள். அப்படியென்றால் மே 5 வாக்கில் அங்கே இறங்க வேண்டும். விசாவுக்கு இரண்டு மூன்று வாரம். விசாவுக்கு வேண்டிய கடிதங்களைப் பள்ளி தயார் செய்து அனுப்ப இன்னும் இரண்டு மூன்று வாரம். மார்ச் 20க்குள் வேலை உறுதியாக வேண்டும் என்று ஆகிறது. அதற்கு நேர்காணல்கள் பிப்ரவரி நடுவிலிருந்து நடக்க வேண்டும். அதற்கு ஜனவரி கடைசியில் எல்லாத் தாள்களும் கையில் இருக்க வேண்டும். தாள் வேலையை அக்டோபரிலேயே தொடங்கினால்தான் அது நடக்கும்.

நவம்பர் 1 பருவத்துக்கும் இதே கணக்குதான்: ஆகஸ்டில் விண்ணப்பம், செப்டம்பர் நடுவுக்குள் ஒப்பந்தம், தாள்கள் ஜூலையிலேயே தயார்.

படி 3: அக்டோபரில் தாள் வேலை

இதில்தான் நேரம் கரையும். முதலில் டிகிரி சான்றிதழும் டிரான்ஸ்கிரிப்டும். புரொவிஷனல் சான்றிதழைப் பல பள்ளிகள் ஏற்பதில்லை; பட்டச் சான்றிதழே வேண்டும். டிரான்ஸ்கிரிப்டுக்குப் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டிய பிறகு சில வாரம் ஆகும். டிசம்பர் கடைசியில் கட்டினால் பொங்கல் விடுமுறை நடுவில் விழும், அப்புறம் பிப்ரவரிதான். தீபாவளிக்கு முன்பே கட்டிவிடுங்கள்.

இந்தியராக விண்ணப்பிக்கிறவர்களிடம் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்பது சகஜம்: டோயிக் அல்லது ஐஇஎல்டிஎஸ். இரண்டும் இரண்டு வருடம்தான் செல்லும். போன வேலைக்கு எழுதியதை எடுத்து நீட்டும் முன் தேதியைப் பாருங்கள். டெஃபல் என்ற, ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழை ஆன்லைனிலேயே முடிக்கலாம், அது இந்த மாதங்களில் பக்கத்திலேயே ஓடட்டும். சில பள்ளிகள் பட்டச் சான்றிதழில் வெளியுறவு அமைச்சக முத்திரையும் கேட்கும். அதற்கு முதலில் மாநில அளவில் சரிபார்ப்பு முடிய வேண்டும், அதுவும் வாரக்கணக்கு.

அடுத்தது இனிஷியல். தமிழர்களுக்கே உள்ள தலைவலி இது. பட்டச் சான்றிதழில் "செல்வி கே" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் "செல்வி கருப்பையா" என்று இருக்கும். நமக்கு இரண்டும் ஒன்று. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டிய தாய்லாந்து அலுவலருக்கு இரண்டும் இரண்டு பேர். நோட்டரியிடம் "இரண்டும் நானே" என்று ஒரு பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் வாங்கி, ஸ்கேன் செய்து, சான்றிதழ் அனுப்பும்போதெல்லாம் கூடவே அனுப்பிவிடுங்கள். கேட்ட பிறகு அலைந்தால் ஒரு வாரம் போய்விடும், மார்ச்சில் ஒரு வாரம் பெரிய விஷயம்.

போலீஸ் சான்றை மட்டும் இப்போது வாங்காதீர்கள். சமீபத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தில் பிப்ரவரியில் விண்ணப்பித்தால் போதும். பாஸ்போர்ட்டை ஒருமுறை புரட்டியும் பாருங்கள்: ஈசிஆர், அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி தேவை என்ற குறிப்பு இருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும். அந்த அனுமதி கேட்கப்படும் நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் உண்டு. பட்டதாரிக்கு அந்தக் குறிப்பு தேவையில்லை, ஆனால் பத்தாவது முடிக்காமல் எடுத்த பழைய பாஸ்போர்ட்டில் இருக்கலாம்.

இப்போது பள்ளியில் வேலை பார்க்கிறீர்களா?

உங்களுக்கு இன்னொரு சிக்கல். சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிவைக்கும் தனியார் பள்ளிகள் நம் ஊரில் நிறைய. நான் இருந்த பள்ளியிலும் அப்படித்தான். கேட்டால் "எதுக்கு சார்?" என்பார்கள், உண்மையைச் சொன்னால் மறுநாள் முதல் முகம் மாறும். "பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வேண்டும்" என்று சொல்லி அக்டோபரிலேயே வாங்கினேன். பொய்யும் இல்லை.

அப்புறம் மார்ச்சில் பொதுத்தேர்வு, ஏப்ரலில் விடைத்தாள் திருத்தம். ஏப்ரல் கடைசியில்தான் நிம்மதியாக விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் கிடைக்கும். மே 5இல் போய் இறங்க அது போதும், ஆனால் நடுவில் ஒரு நாள் கூட மிச்சம் இருக்காது. நோட்டீஸ் காலம் எத்தனை மாதம் என்று நியமன உத்தரவில் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இந்த வருடம்தான் டிகிரி முடிக்கிறவர்களுக்கு: ஏப்ரல், மேயில் தேர்வு, ஜூன் ஜூலையில் முடிவு, பட்டமளிப்பு அதற்கும் பின்னால். அந்த மே போய்விட்டது. நவம்பரும் பெரும்பாலும் போய்விடும். அடுத்த மேயைக் குறிவைத்து, நடுவில் உள்ள மாதங்களில் உள்ளூரில் வகுப்பெடுங்கள். வருடம் வீணாகிறது என்று வீட்டில் சொல்வார்கள். அனுபவச் சான்று ஒன்று கையில் சேர்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

படி 4: பிப்ரவரி, மார்ச்சில் விண்ணப்பமும் நேர்காணலும்

விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே "மே 5 முதல் வரத் தயார், சான்றிதழ்கள் இணைப்பில்" என்று எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர் உண்மையில் வருவாரா என்பதுதான் பள்ளியின் முதல் சந்தேகம். தேதி சொன்னால் பாதி சந்தேகம் தீரும். வகுப்பெடுக்கும் மூன்று நிமிட வீடியோ ஒன்றும் வைத்திருங்கள்.

நேர்காணல் காலை 9 மணி என்றால் நமக்கு 7.30, அவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். வாசலில் கீரைக்காரம்மா கூவும் நேரம் அது, உள் அறையைப் பிடியுங்கள்.

ஒப்பந்தம் வந்ததும் சம்பளத்துக்கு முன்னால் மாதங்களை எண்ணுங்கள். பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அமர்த்தித் தரும் சில ஏஜென்சிகளின் ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம் இருக்காது. பத்து மாதத்தில் முடிந்து, மார்ச் ஏப்ரலில் சம்பளம் இல்லாமல் நிற்கும். மாதச் சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் பாட் குறைவாக இருந்தாலும் பன்னிரண்டு மாதம் தருகிற பள்ளியையே நான் எடுப்பேன். ஆண்டு 2569 என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது புத்த ஆண்டு. 543ஐக் கழித்தால் 2026.

படி 5: சித்திரைக்கு முன் விசா தாள்கள்

நம் புத்தாண்டும் அவர்களுடைய சொங்க்ரானும் ஒரே நேரத்தில் வருகின்றன: ஏப்ரல் 13, 14, 15. ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும், அலுவலகங்கள் மூடியிருக்கும், முன்னும் பின்னும் சில நாள் யாரும் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. பள்ளி அனுப்ப வேண்டிய அழைப்புக் கடிதமும் மற்ற தாள்களும் ஏப்ரல் 5க்குள் வந்துவிடட்டும். வாரம் ஒருமுறை பணிவாக நினைவூட்டுங்கள்.

நீங்கள் வாங்க வேண்டியது வேலைக்கான நான்-இமிகிரண்ட் பி விசா. 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவிலிருந்து இதற்கு ஆன்லைனில்தான் விண்ணப்பம். முதலில் 90 நாள் தங்க அனுமதி கிடைக்கும். அதற்குள் அங்கே பணி அனுமதி வாங்கி நீட்டிக்க வேண்டும். தாய்லாந்து ஆசிரியர் உரிமம் இல்லாதவர்களுக்காக ஆசிரியர் மன்றத்தில் தற்காலிக அனுமதி கேட்டுப் பள்ளியே விண்ணப்பிக்கும்.

"நேரம் இல்லை, டூரிஸ்டாக வந்துவிடுங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது அவசரப்படுத்தினால் நிறுத்துங்கள். தாய்லாந்து வேலை என்று அழைத்து மியான்மருக்குக் கடத்தும் மோசடிகளைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022இல் எச்சரித்தது. அதில் சிக்கி மீண்டவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. உண்மையான பள்ளிக்கு மே 16 என்ற தேதி தெரியும், அதற்கு முன்பே தாள் அனுப்பவும் தெரியும். மின்னஞ்சலில் வந்த எண்ணை விட்டுவிட்டு, பள்ளியின் சொந்த எண்ணைத் தேடி ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள்.

மேயில் சேர்ந்தால்

ஜூனில் ஏதோ ஒரு வியாழக்கிழமை "வாய் க்ரு" என்ற ஆசிரியர் வணக்க விழா வரும். "க்ரு" என்பது நம் குருதான். வியாழன் குருவின் நாள் என்பது அங்கேயும் அப்படியே. பிள்ளைகள் முட்டி போட்டு வந்து ஒரு தட்டை நீட்டுவார்கள். நான் குனிந்து பார்த்தபோது அதில் இட்லிப் பூ, அருகம்புல், கத்திரிப் பூ. பிள்ளையார் கோவில் வாசலில் நிற்பது போல் இருந்தது. அன்று காலை முழுக்க விழாதான், வகுப்பு நடக்காது. முதல் மாதப் பாடத்திட்டம் எழுதும்போது அந்த வியாழக்கிழமையைக் காலியாக விட்டுவிடுங்கள்.