கூலர் மாற்றாமலே சிபியு சூட்டைக் குறைப்பது எப்படி?

வீடியோ ரெண்டர் போட்டதும் ஃபேன் இரைகிறது, கொஞ்ச நேரத்தில் வேகமும் குறைந்துவிடுகிறது. பலரும் உடனே பெரிய கூலர் (சிபியு மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வெளியேற்றும் ஃபேன் பொருத்திய பாகம்) வாங்கக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன் பழைய கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் ஐ5-12400 சிபியு, அதன் பெட்டியிலேயே வரும் கூலர், இரண்டையும் வைத்து விளக்குகிறோம்.

முதலில் அளந்து பாருங்கள்

சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, சிபியுவுக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை 10 நிமிடம் ஓட்டுங்கள். சிபியு பேக்கேஜ் வெப்பம், பேக்கேஜ் பவர், தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைவது) ஆகிய மூன்று வரிகள் போதும். இந்தச் சில்லுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முழு லோடில் 85-க்குள் நின்றால் கவலையில்லை.

எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எப்படி ஏறுகிறது என்பதுதான் முக்கியம். ஆரம்பித்த இரண்டு மூன்று விநாடியிலேயே 95-ஐத் தாண்டினால் கூலர் சிபியுவோடு சரியாக ஒட்டவில்லை. ஐந்தாறு நிமிடம் மெல்ல மெல்ல ஏறினால் தூசி அல்லது காற்றோட்டக் குறை.

கூலரைக் கழற்றி மாட்டுதல்

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் வயரை எடுங்கள். நான்கு மூலைப் பின்களையும் மேலே உள்ள அம்புக்குறித் திசையில் திருப்பி இழுத்தால் கழன்று வரும். சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவே காய்ந்திருக்கும் தெர்மல் பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரு பக்கமும் துடைத்து உலரவிடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள்.

புதிய பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு. கடுகளவு வைத்தால் ஓரம்வரை பரவாது. அள்ளிப் பூசினாலும் பயனில்லை: இரண்டு உலோகத்துக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்புவது மட்டுமே அதன் வேலை.

இனிதான் கவனம் வேண்டும். பின்களைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, நான்கு கால்களும் போர்டின் துளைகளில் நேராக நிற்கிறதா பாருங்கள். ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை என்று ஜோடி ஜோடியாக 'டிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிறகு மதர்போர்டின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பிளவுபட்ட காலின் நடுவே கறுப்புப் பின் நான்கிலும் தெரிய வேண்டும். ஒன்று தெரியவில்லை என்றாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு பின் சரியாக மாட்டாததால்தான் பலரது சிஸ்டம் கொதிக்கிறது. ஃபேன் வயரை மறக்காமல் 'சிபியு ஃபேன்' என்று அச்சிட்ட இடத்திலேயே செருகுங்கள்.

தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கேபினெட்டில் முன் ஃபேன் காற்றை உள்ளிழுக்க வேண்டும், பின் ஃபேன் வெளியே தள்ள வேண்டும்.

பவர் வரம்பு

இந்தச் சில்லின் அடிப்படை மின் அளவு 65 வாட், வேகம் கூட்டி ஓடும் டர்போவில் 117 வாட். பல மதர்போர்டுகள் இந்த வரம்பைத் தளர்த்தியே வருகின்றன. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) நீண்டநேர வரம்பை 65, குறுகியநேர வரம்பை 117 என்று வையுங்கள். ரெண்டர் சற்று மெதுவாகும், ஆனால் இந்தச் சின்னக் கூலர் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு 75 டிகிரியிலேயே சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிறதா? சூட்டைத் தேடாதீர்கள். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் அணைத்துவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் நின்றுபோனால் வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) மாட்டிப் பாருங்கள்.