எதிரியின் முதுகையே பார்த்து மிதிக்காதீர்கள்: பல நாள் சைக்கிள் பந்தயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆடியில் எங்கள் ஊர்ப் பையன்கள் ஆறு பேர் தங்களுக்குள் மூன்று நாள் பந்தயம் ஒன்று வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் கோபாலபுரத்தில் கிளம்பி கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வழியாகக் கொல்லங்கோடு வரை சமதளம். இரண்டாம் நாள் ஆழியாறிலிருந்து வால்பாறை, 40 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாம் நாள் போத்துண்டி அணையிலிருந்து நெல்லியாம்பதி ஏற்றம். மூன்று நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தவர். நோட்டும் பேனாவுமாக நேரம் குறித்தது நான்.

முதல் நாள் முதலாவதாக வந்த தம்பி கடைசியில் ஐந்தாவது. கணக்கைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, மொத நாளு நான்தானுங்களே ஜெயிச்சேன்?" என்று கேட்டான். ஜெயித்தது உண்மைதான், 4 வினாடியில். அந்த 4 வினாடிக்காகச் சித்தூரிலிருந்தே தனியாக எதிர்காற்றில் மிதித்தான். மறுநாள் ஒன்பதாவது வளைவில் வரையாடுகளைப் பார்க்கிற சாக்கில் காலை ஊன்றினான். அங்கே போனது 11 நிமிடம்.

பல நாள் பந்தயத்தில் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இதுதான். அன்றன்றைய முடிவுக் கோட்டை யார் முதலில் தாண்டுகிறார் என்பது வேறு கணக்கு, மொத்த நேரம் வேறு கணக்கு. பிரான்ஸின் டூர் டி பிரான்ஸ் பந்தயம் 21 கட்டங்கள், அதாவது 21 நாள் ஓட்டம். 1990இல் கிரெக் லெமாண்ட் அதில் ஒரு கட்டத்தில்கூட முதலாவதாக வராமலே மொத்தப் பந்தயத்தையும் ஜெயித்தார். எதிர்ப்பக்க உதாரணம், இத்தாலியின் பல நாள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியா, 2018. சைமன் யேட்ஸ் மூன்று கட்டங்களை ஜெயித்து, மொத்த நேரத்தில் முந்தியிருப்பவர் போடுகிற இளஞ்சிவப்பு ஜெர்சியோடு கடைசி வாரம் வரை வந்தார். 19ஆம் கட்டத்தில் ஃபினெஸ்த்ரே மலையில் கால்கள் கைவிட்டன. அந்த ஒரே நாளில் 38 நிமிடத்துக்கு மேல் இழந்தார். யேட்ஸையும் இந்த மலையையும் நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்கள்.

அடுத்தது காற்று. நம் பக்கத்து ஆட்களே இதில் ஏமாறுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வாயில் குடியிருக்கிறோம், கஞ்சிக்கோட்டில் காற்றாடி சுற்றுவதைப் பார்த்து வளர்ந்திருக்கிறோம், ஆனாலும் சைக்கிளில் ஏறியதும் மலையை மட்டுமே நினைத்துப் பயப்படுகிறோம். எதிர்காற்றில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் பின்னால் வருகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பாவது மிச்சம். சரி, அது எல்லோருக்கும் தெரியும். காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது என்ன ஆகும்? மறைவு நேர் பின்னால் இருக்காது, சற்றுத் தள்ளிச் சாய்வாக இருக்கும். அதனால் வரிசை படிக்கட்டு மாதிரி ரோட்டின் குறுக்கே சாய்கிறது. ரோட்டின் அகலம் எத்தனை பேருக்கு இடம் தருகிறதோ அத்தனை பேருக்குத்தான் மறைவு. மிச்சப் பேர் ரோட்டோர மண்ணை ஒட்டி, காற்றை முழுசாக வாங்கிக்கொண்டு மிதிக்க வேண்டும். ஒருவர் ஒரு சைக்கிள் நீளம் விட்டால் போதும், கூட்டம் அங்கேயே அறுந்துவிடும்.

2013 டூரின் 13ஆம் கட்டம் கிட்டத்தட்ட முழுக்கச் சமதளம். மொத்தத்தில் இரண்டாவது இடத்தில் இருந்த அலெஹாந்த்ரோ வால்வெர்தேவுக்குச் சக்கரம் பழுதானது. பக்கக் காற்றில் முன்கூட்டம் நிற்காமல் இழுத்துக்கொண்டு போனதில் கிட்டத்தட்ட 10 நிமிடம் போயிற்று. அதே நாளில் கொன்டாடோரின் அணி திடீரென்று வேகத்தைக் கூட்ட, மொத்தத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சி போட்டிருந்த ஃபுரூமே பின்கூட்டத்தில் மாட்டி 1 நிமிடம் 9 வினாடி இழந்தார். மலை என்று சொல்லும்படி ஒன்றுகூடக் குறுக்கே வரவில்லை.

நம் ரோட்டில் இதற்கு ஒரு வழி உண்டு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இரு புறமும் தென்னையும் பனையும் நிற்கின்றன. அடுத்த வளைவுக்கு அப்பால் இருக்கிற தென்னையின் கீற்று எந்தப் பக்கம் சீவி விட்டாற்போலச் சாய்ந்திருக்கிறது என்று முன்னதாகவே பாருங்கள். வளைவில் திரும்புகிறதற்குள் முதல் ஐந்தாறு பேருக்குள் போய்விட வேண்டும். திரும்பிய பிறகு முன்னேறப் பார்த்தால் அதற்கு இரட்டிப்பு பலம் செலவாகும்.

"இன்றைக்கு லேசான நாள்" என்று நினைப்பது இன்னொரு தவறு. ஸ்பெயினின் பல நாள் பந்தயமான வுவெல்டாவில், 2012இல், ஹோவாகிம் ரோட்ரிகெஸ் கொன்டாடோரைவிட 28 வினாடி முன்னால் இருந்தார். செங்குத்தான ஏற்றங்களில் ரோட்ரிகெஸை அசைக்க முடியாது என்று தெரிந்துபோயிற்று. கொன்டாடோர் தேர்ந்தெடுத்தது ஃபுவென்தே தே என்ற இடத்தில் முடிகிற கட்டம். அதன் கடைசி ஏற்றம் அப்படியொன்றும் கடுமையானதல்ல. கோட்டுக்கு வெகுதூரம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார். ரோட்ரிகெஸைச் சுற்றி உதவ அணி ஆள் இல்லை. அன்று போனது இரண்டரை நிமிடத்துக்கு மேல், கூடவே பந்தயமும்.

முன்னால் ஓடுகிறவர்களை அலட்சியமாக விடுவதும் இதே ரகம்தான். 1990 டூரின் முதல் கட்டத்தில் நான்கு பேர் தப்பி ஓடி 10 நிமிடத்துக்கு மேல் சம்பாதித்தார்கள். அதில் ஒருவர் கிளாடியோ கியாப்பூச்சி. பெரிய தலைகள் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அந்த 10 நிமிடத்தைத் திரும்ப வாங்க லெமாண்டுக்குக் கடைசி டைம் டிரையல் (ஒவ்வொருவராகத் தனியே நேரத்தோடு ஓட்டுகிற கட்டம்) வரை மூன்று வாரம் ஆனது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. போட்டி இரண்டு பேருக்கு இடையே என்று மனசில் பதிந்துவிட்டால் மூன்றாவது ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டார். 2025 ஜிரோவின் 20ஆம் கட்டம், அதே ஃபினெஸ்த்ரே. மேல்பாதி மண் ரோடு, சராசரியே 9 சதவீதத்துக்கு மேல் ஏறுகிற மலை. ஜெர்சி ஈசாக் டெல் டோரோவிடம். 43 வினாடி பின்னால் ரிச்சர்ட் கராபாஸ். மூன்றாவதாக 1 நிமிடம் 21 வினாடி பின்னால் சைமன் யேட்ஸ். யேட்ஸ் கிளம்பிப் போனார். துரத்த வேண்டிய இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் இழுத்தால் நீ என் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து கடைசியில் தாண்டுவாய் என்று டெல் டோரோவுக்குப் பயம். ஜெர்சி உன்னிடம் இருக்கிறது, நீதான் துரத்த வேண்டும் என்று கராபாஸுக்கு நினைப்பு. இரண்டும் தனித்தனியே நியாயம்தான். ஆனால் மேலே இடைவெளி நிமிடக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது.

யேட்ஸின் அணி செய்த வேலையையும் கவனிக்க வேண்டும். காலையிலேயே முன்கூட்டத்தோடு வௌட் வான் ஆர்ட்டை அனுப்பியிருந்தார்கள். யேட்ஸ் தனியாக மலையிறங்கி வந்தபோது பள்ளத்தாக்கில் காற்றை வாங்கி இழுக்க ஓர் ஆள் தயாராகக் காத்திருந்தார். டெல் டோரோ அன்று இழந்தது 5 நிமிடத்துக்கு மேல். ஏழு வருஷத்துக்கு முன் எந்த மலையில் எல்லாம் போயிற்றோ, அதே மலையில் யேட்ஸ் ஜிரோவை ஜெயித்தார். அன்று இரவு கைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 2022 டூரின் 11ஆம் கட்டத்தில் கலிபியே மலையில் ரோக்லிச்சும் விங்கெகோரும் மாற்றி மாற்றித் தாக்கினார்கள், இருவரும் ஒரே அணி. அவர்களுக்கு எதிரியான பொகாச்சார் ஒவ்வொரு தாக்குதலுக்கும் தானே பதில் கொடுத்தார். அடுத்த மலையான கிரானோனில் அதற்கான விலை 2 நிமிடம் 51 வினாடி. எதிரியின் அணியில் இரண்டு பேர் இருந்து, உங்கள் பக்கம் நீங்கள் மட்டும் இருந்தால் எல்லாத் தாக்குதலுக்கும் எழாதீர்கள். மொத்த நேரத்தில் உங்களுக்கு நெருக்கமானவரை மட்டும் பிடியுங்கள்.

களைப்பை முகத்தில் காட்டுவதும் தவறுதான். 1964 டூரில் பியூய் தே தோம் ஏற்றத்தில் ஜாக் ஆங்கெத்தில் கால் ஓய்ந்துபோன நிலையிலும் எதிரி பூலிடோருக்குப் பின்னால் போகாமல் தோளோடு தோளாகவே ஏறினார். பூலிடோர் தாமதமாகத்தான் தாக்கினார். ஆங்கெத்தில் 42 வினாடி இழந்தும் மஞ்சள் ஜெர்சியை 14 வினாடியில் காப்பாற்றினார்.

கடைசியாகச் சாப்பாடு. பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்தால் ஏற்றத்தில் கை நடுங்கும், கண் இருட்டும். தொழில்முறை வீரர்கள் இப்போது மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை மாவுச்சத்து எடுக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம், செரிக்காது. ஆழியாறு செக்போஸ்டில் ஏற்றம் தொடங்கும் முன் ஒரு நேந்திரம்பழம், அப்புறம் பத்து வளைவுக்கு ஒரு கடலைமிட்டாய். உப்புச் சேர்த்த தண்ணீரைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் நாள் கோட்டைத் தாண்டியதும் அரை மணிக்குள் சோறோ இட்லியோ உள்ளே போக வேண்டும், அதுதான் மறுநாள் வால்பாறைக்கான பலம். அந்தத் தம்பி கொல்லங்கோட்டில் ஜெயித்ததும் ஒரு மணி நேரம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.